காண்போர் அகம்: 'கூடல்' (1970) முதலிய சோதனைக் குறும்படங்களும் ஒரு மாணவரின் மெய்ப்பாட்டுப் பதிவும்

முன்னுரை

தமிழில் திரைப்படம் குறித்த ஆய்வுகள் பெருகியுள்ளன. சு. தியடோர் பாஸ்கரன், கா. சிவத்தம்பி, எம்.எஸ்.எஸ். பாண்டியன் முதலியோரின் ஆய்வுகளுக்குப் பின்னர், திரைப்படத்தை ஆய்வுப் பொருளாகக் கொள்வதில் தமிழ்த்துறைகளுக்கு இருந்த தயக்கம் பெரிதும் நீங்கியது எனலாம். எனினும் இவ்வாய்வுகளுள் பெரும்பாலானவை கதைப்படத்தையே மையமாகக் கொண்டவை. கதை, பாத்திரம், உரையாடல், பாடல், அரசியல் ஆகியவை அமைந்த படத்தை ஆராய இலக்கியத் திறனாய்வுக் கருவிகள் கைகொடுக்கின்றன. கதையும் பாத்திரமும் இல்லாத சோதனைக் குறும்படத்தை எதிர்கொள்ளும்போது அக்கருவிகள் பயனற்றுப் போகின்றன. அங்கே எஞ்சுவன இரண்டே: திரையில் தோன்றும் பொருள், அதனைக் காண்போர்.

காண்போரிடம் நிகழ்வது யாது என்னும் வினா தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியலும், அதற்கு இளம்பூரணரும் பேராசிரியரும் வகுத்த உரைகளும் இவ்வினாவை விரிவாக ஆராய்ந்துள்ளன. ஐதராபாத்தில் இக்கட்டுரையாளர் நடத்தும் தமிழ் வகுப்பில் மூன்று சோதனைக் குறும்படங்கள் திரையிடப்பட்டன. அவற்றைக் கண்ட இளங்கலை மாணவர் ஒருவர் எழுதிய பதிவுகளை மெய்ப்பாட்டியல் நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். மாணவரின் இசைவு பெற்றே அவர்தம் பதிவுகளின் கருத்து இங்கு எடுத்தாளப்படுகிறது. அவர் பெயரும் பிற அடையாளங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

சோதனைக் குறும்படம்: இந்தியப் பின்புலம்

இந்திய அரசு 1948-இல் நிறுவிய பிலிம்ஸ் டிவிஷன், பல பத்தாண்டுகளாகச் செய்திப்படங்களையும் ஆவணப்படங்களையும் தயாரித்து வந்தது. திரையரங்குகள் முதன்மைப் படத்துக்கு முன்னர் அவற்றைத் திரையிட வேண்டும் என்பது விதியாக இருந்தது. இந்நிறுவனம் 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. அரசின் திட்டங்களை எடுத்துரைப்பதே பணியாகக் கொண்ட இவ்வமைப்பினுள், 1960-களின் பிற்பகுதியில், எதிர்பாராத வகையில் ஒரு சோதனைக் காலம் தோன்றியது. யுனெஸ்கோவில் பணியாற்றிவிட்டு 1965-இல் தலைமை ஆலோசகராகப் பொறுப்பேற்ற ஜெகாங்கீர் பௌனகரி இம்மாற்றத்துக்கு முதற்காரணர். நிறுவனத்துக்குள் இருந்த இளம் இயக்குநர்களுக்கு அவர் உரிமை அளித்தார். திரைப்படத்துறை சாராத ஓவியர்களுக்கும் படம் எடுக்கும் வாய்ப்பு வழங்கப்பட்டது.

இக்காலத்தில் எஸ்.என்.எஸ். சாஸ்திரி 1947-இல் பிறந்த இளைஞர்களின் நேர்காணல்களைத் தொகுத்து 'ஐ ஆம் 20' (1967) என்னும் படத்தை உருவாக்கினார். செக்கோஸ்லோவாக்கியாவில் இயங்குபடக் கலை பயின்று திரும்பிய பிரமோத் பதி, 'எக்ஸ்புளோரர்' (1968), 'டிரிப்' (1970), 'அபித்' (1972) ஆகிய படங்களில் படத்தொகுப்பின் வேகத்தையே பொருளாக மாற்றினார். ஓவியர் எம்.எப். உசேன் இயக்கிய 'த்ரூ தி ஐஸ் ஆஃப் எ பெயின்டர்' (1967) பெர்லின் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி விருதைப் பெற்றது. ஓவியர் தையப் மேத்தா 1970-இல் 'கூடல்' என்னும் படத்தை இயக்கினார்.

இவற்றுள் உசேனின் படம், பதியின் 'எக்ஸ்புளோரர்', தையப் மேத்தாவின் 'கூடல்' ஆகிய மூன்றும் வகுப்பில் திரையிடப்பட்டன. மூன்றும் கறுப்பு வெள்ளைப் படங்கள். மூன்றும் இருபது நிமிடத்துக்கு உட்பட்டவை. உசேன் படத்தைத் தேர்ந்தமைக்கு ஐதராபாத் மற்றொரு காரணம். இராமாயண ஓவியத் தொடரை உசேன் தீட்டியது இந்நகரில்தான். 2004-இல் வெளிவந்த அவருடைய கதைப்படமாகிய 'மீனாக்ஷி'யின் மூன்று நகரங்களுள் ஒன்றும் ஐதராபாத்தே. 'கூடல்' படத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் அதன் பெயர். குசராத்தில் பிறந்து மும்பையில் வாழ்ந்த ஓவியர் ஒருவர் தம் ஒரே படத்துக்குத் தமிழ்ச்சொல் ஒன்றைப் பெயராகச் சூட்டியுள்ளார் என்பது தமிழாய்வாளர் கருத்தை ஈர்க்க வேண்டிய செய்தியாகும்.

இரு பதிவுகள்

படம் பார்த்த அன்றே மாணவர்கள் தாம் உணர்ந்ததை எழுதித் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டது. இங்கு ஆராயப்படும் மாணவர் செக்கந்தராபாத்தைச் சேர்ந்தவர். 1806-இல் உருவான படைவீட்டு நகரத்தைச் சார்ந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல அங்குத் தலைமுறைகளாக வாழ்கின்றன. இம்மாணவர் வீட்டில் தமிழ் பேசுபவர். பள்ளியில் தெலுங்கு வழியே கற்றவர். தமிழ் எழுத்தைக் கல்லூரிப் பருவத்தில் கற்றுக்கொண்டவர். அவருடைய முதற்பதிவு பேச்சுத்தமிழிலும் இடையிடையே தெலுங்குச் சொற்களோடும் அமைந்திருந்தது. அதனைச் செந்தமிழில் திருத்தி எழுதித் தருமாறு இக்கட்டுரையாளர் பணித்தார். ஒரு வாரம் கழித்து இரண்டாம் பதிவு வந்தது. இவ்விரு பதிவுகளுக்கும் இடையில் உள்ள வேறுபாடே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

முதற்பதிவின் செய்திகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். உசேன் படத்தில் குடையும் செருப்பும் அரிக்கேன் விளக்கும் மீண்டும் மீண்டும், தமக்கு உரிமையில்லாத இடங்களில் தோன்றியபோது மாணவர் சிரித்திருக்கிறார். பிறகு, ஏன் சிரித்தோம் என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். 'எக்ஸ்புளோரர்' படத்தின் வேகத்தில் கண் வலித்தது, தலையைக் குனிந்துகொண்டேன், ஆனால் கால் தானாகத் தாளம் போட்டது என்கிறார். 'கூடல்' படத்தின் தொடக்கத்தில் தூக்கம் வந்தது என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பாந்திரா இறைச்சிக்கூடத்தில் எருது கொல்லப்படும் காட்சி வந்தபோது தமக்கு அச்சம் தோன்றவில்லை என்கிறார். அவர் தந்தை இறைச்சிக்கடை நடத்துபவர். அறுப்பைச் சிறுவயது முதலே கண்டவர் அவர். ஆனால் அக்காட்சியின்போது வகுப்பிலிருந்த சிலர் அவரைத் திரும்பிப் பார்த்தனர். அப்பொழுது தம் கண் கலங்கியதாகவும், எருது கீழே விழுந்த பின் எழ முயன்ற இடத்தை அதனால் சரியாகப் பார்க்கவில்லை என்றும், அதை மட்டும் மறுபடி பார்க்க விரும்புவதாகவும் முதற்பதிவு முடிகிறது.

இரண்டாம் பதிவில் தூக்கம் இல்லை, சிரிப்பு இல்லை, கடை இல்லை, திரும்பிப் பார்த்தவர்களும் இல்லை. உசேன் படம் இந்தியப் பண்பாட்டின் சிறப்பைக் காட்டுகிறது என்றும், 'எக்ஸ்புளோரர்' அறிவியல் வளர்ச்சியை உணர்த்துகிறது என்றும், 'கூடல்' உயிர்க்கொலையைக் கண்டிக்கிறது என்றும் அது கூறுகிறது. எருது இறந்த காட்சியில் என் கண்களில் நீர் பெருகியது என்னும் கருத்தில் அது நிறைவுறுகிறது. பிழையற்ற தமிழில் அமைந்த இப்பதிவுக்கு மிகுதியான மதிப்பெண் தருவதே வழக்கம். இக்கட்டுரையாளரும் முதலில் அவ்வாறே தந்தார்.

'கூடல்' என்னும் சொல்

படத்தின் பெயரைப் பற்றி வகுப்பில் எழுந்த உரையாடலை முதற்கண் குறிப்பிடுதல் வேண்டும். கூடல் என்றவுடன் தமிழ் கற்றோர் மனத்தில் தோன்றுவது மதுரை. சங்க இலக்கியத்திலேயே அந்நகருக்கு இப்பெயர் வழங்குகிறது. நான்மாடக்கூடல் என்னும் வழக்கு கலித்தொகை, பரிபாடல் ஆகியவற்றில் காணப்படுகிறது. அடுத்துத் தோன்றுவது ஊடலுக்கு மறுதலையாகிய கூடல். மூன்றாவது, தலைவி கண்ணை மூடி மணலில் வட்டம் வரைந்து தலைவன் வருகையைக் குறிபார்க்கும் கூடல் இழைத்தல். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இக்குறிபார்த்தல் ஒரு பதிகத்துக்கே பொருளாகியுள்ளது. இம்மூன்றையும் இக்கட்டுரையாளர் வகுப்பில் விளக்கி, இப்படம் அகப்பொருள் மரபோடு தொடர்புடையதாகலாம் எனவும் கூறினார்.

மாணவருக்கு இம்மூன்றும் தெரிந்திருக்கவில்லை. அவர் அறிந்தது தெலுங்குச் சொல்லாகிய கூடலி. பல சாலைகள் கூடும் நாற்சந்திக்குத் தெலுங்கில் கூடலி என்று பெயர். பல திசையிலிருந்து வருவோர் ஒருவரை ஒருவர் அறியாமலே நெருங்கிக் கலைந்து போகும் இடம் என்று அவர் பொருள் கொண்டார். கன்னட நாட்டில் கிருஷ்ணையும் மலப்பிரபையும் கலக்கும் இடம் கூடலசங்கமம் எனப்படுவதும், தமிழ்நாட்டில் பவானியும் காவிரியும் கலக்கும் இடம் கூடுதுறை எனப்படுவதும் இப்பொருளை வலியுறுத்துவன. கூடு என்னும் அடியிலிருந்து தோன்றிய இச்சொல், தென்னிந்திய மொழிகளில் மக்களும் நீரும் வழிகளும் சந்திக்கும் இடத்தைக் குறித்து நிற்கிறது.

படத்தைப் பற்றிய குறிப்புகள் இப்பெயருக்குச் சந்திக்கும் இடம் என்றே பொருள் தருகின்றன. படத்தில் தோன்றும் மக்கள் திரளையும், நகர நெருக்கத்தையும், மனிதரும் விலங்கும் அடுத்தடுத்து வைக்கப்படும் முறையையும் நோக்க, மாணவர் கொண்ட பொருளே படத்துக்கு நெருக்கமானது என்பது தெளிவாகிறது. ஆசிரியரின் இலக்கியப் பயிற்சி இங்கே படத்துக்கும் தமக்கும் நடுவே ஒரு திரையாக நின்றது. தெருவில் கற்ற சொல் மாணவருக்கு வழிகாட்டியது. இலக்கியப் பொருள்கள் தவறானவை என்பது இதன் கருத்தன்று. ஒரு சொல்லின் பொருட்பரப்பை இலக்கிய வழக்கோடு நிறுத்திக்கொள்வது ஆய்வுக்குத் துணையாகாது என்பதே ஆகும். தமிழகத்துக்கு வெளியே தமிழ் கற்பிப்போர் இதனைச் சிறப்பாக எண்ணிப் பார்த்தல் தகும். அண்டை மொழிச்சொல்லைப் பிழையெனச் சுழிக்குமுன் அது என்ன அறிவைக் கொண்டுவருகிறது என்று கேட்க வேண்டியுள்ளது.

உய்ப்போன் இல்லாத கூத்து

மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்ச்சி உடல்வழியே பிறருக்குப் புலப்படுதல் ஆகும். சுவை என்பது காணப்படும் பொருளால் காண்போர் அகத்தில் நேரும் மாற்றம் என்று இளம்பூரணர் விளக்குகிறார். இவ்விளக்கத்தில் பொருள் ஒரு முனையாகவும் காண்போர் மறு முனையாகவும் அமைகின்றனர். கூத்தில் இவ்விரண்டுக்கும் நடுவே உய்ப்போன், அதாவது நடிப்பவன், நிற்கிறான். அவனிடம் நிகழ்ந்தது காண்போரைச் சென்று எய்துவதே மெய்ப்பாடு என்னும் செயிற்றியனார் கருத்தை இளம்பூரணர் எடுத்துக்காட்டுகிறார்.

பேராசிரியர் இக்கருத்தை அப்படியே ஏற்பதில்லை. கொடிய விலங்கைக் கண்டு அஞ்சி ஓடிவரும் ஒருவனை மற்றொருவன் காணும்போது, முன்னவன் அஞ்சினான் என்பதை அறிவானேயன்றி அவ்வச்சத்தைத் தானும் அடைவதில்லை என்பது அவர் வாதம். அஞ்சினவனைக் கண்டு நகைப்போரும் உளர். இரங்கி அழுவோரும் உளர். எனவே ஒருவரிடம் தோன்றிய உணர்வு மாற்றமின்றி மற்றவரைச் சென்றடையும் என்று கொள்ள இயலாது. பார்வையாளர் குறித்த ஆய்வுகள் பிற்காலத்தில் விரித்துரைத்த ஒரு கருத்தினைப் பேராசிரியர் உரை சுருக்கமாகவும் திட்பமாகவும் முன்வைத்துள்ளது எனலாம்.

இவ்விரு உரையாசிரியர்தம் கருத்துகளையும் சோதனைக் குறும்படத்தோடு பொருத்தும்போது ஒரு சிக்கல் எழுகிறது. கதைப்படத்தில் உய்ப்போன் உண்டு. நடிகர் அழுவது போல் நடிக்கிறார். அது நடிப்பு என அறிந்தே காண்போர் அழுகின்றனர். 'கூடல்' படத்தில் உய்ப்போன் இல்லை. எருது நடிக்கவில்லை, அது உண்மையாகவே கொல்லப்படுகிறது. இப்பொருளுக்கு இன்ன உணர்வு என்று வழிகாட்டும் பாத்திரமோ பாடலோ இல்லை. நடுவில் நின்ற ஒருவர் நீங்கிவிட்டமையால் காண்போர் பொருளை நேரே எதிர்கொள்கின்றனர். அந்நிலையில் ஒவ்வொருவரும் தத்தம் வாழ்விலிருந்தே உணர்வைக் கொண்டுவர வேண்டியவராகின்றனர். ஒரே காட்சிக்கு வகுப்பில் வெவ்வேறு மெய்ப்பாடுகள் தோன்றியமைக்கு இதுவே காரணமாகும்.

மெய்ப்பாட்டியலில் விலங்கு அச்சத்துக்குரிய நிலைக்களன்களுள் ஒன்று. அங்கே விலங்கு அச்சுறுத்துவது, மனிதன் அஞ்சுபவன். 'கூடல்' இம்முறையைத் தலைகீழாக்குகிறது. ஆற்றல் மிக்க எருது கட்டுண்டு வீழ்கிறது, அச்சுறுத்துபவன் மனிதன். தையப் மேத்தாவின் ஓவியங்களில் கட்டுண்ட எருது நெடுங்காலம் திரும்பத் திரும்ப இடம்பெறும் உருவம். 1947-இல் பிரிவினைக் கலவரத்தின்போது மும்பையில் ஒருவர் தெருவில் அடித்துக் கொல்லப்பட்டதைத் தம் இருப்பிடத்திலிருந்து கண்டவர் அவர். அந்நிகழ்ச்சி வாழ்நாள் முழுதும் தம்மைத் தொடர்ந்தது என்பதை அவரே எடுத்துரைத்துள்ளார். இவ்வகையில் நோக்கினால் எருது உயிர்க்கொலைக்கான சான்று மட்டுமன்று. கூட்டத்தின் நடுவே வலியிழந்த எவ்வுயிருக்கும் அது நிகராக நிற்கிறது. சந்திக்கும் இடமே கொல்லும் இடமாகவும் ஆகலாம் என்பதைப் படத்தின் பெயர் உணர்த்துகிறது.

இளிவும் இழவும்

இனி மாணவரின் கண்ணீருக்கு வருவோம். அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியம் கூறும் நான்கு நிலைக்களன்களுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. ஒன்று இழவு, அஃதாவது உயிரையோ உரியதையோ இழத்தல். மற்றொன்று இளிவு; அஃதாவது பிறரால் இகழப்பட்டு எளியராதல். இவ்விரு சொற்களும் ஒலியால் நெருங்கியவை. பொருளால் நெடுந்தொலைவு விலகியவை. எனினும் இரண்டும் உடலில் ஒரே வகையாகவே புலப்படுகின்றன. கண் கலங்குகிறது. புறத்தே நின்று காண்பவருக்கு அது இழவால் வந்ததா இளிவால் வந்ததா என்பது தெரிவதில்லை.

மாணவரின் இரண்டாம் பதிவு தம் கண்ணீரை இழவின் கண்ணீராகக் கூறுகிறது. முதற்பதிவின்படி அது இளிவின் கண்ணீர். எருதின் இறப்பு அவரை அழச்செய்யவில்லை; உடன் பயில்வோர் தம்மைத் திரும்பிப் பார்த்தமையே கண் கலங்கச் செய்தது. அழுகை தன்னிடம் தோன்றியது பற்றியும் பிறரிடம் தோன்றியது பற்றியும் நிகழும் என்று உரையாசிரியர் பகுப்பர். இங்கே பிறிதோர் உயிர் பற்றிய அழுகையாகக் காட்டப்பட்டது உண்மையில் தன் பற்றிய அழுகையே ஆகும். கொலை வெகுளிக்கும் நிலைக்களன் என்பதை நினைவிற்கொண்டால், திரும்பிப் பார்த்த மாணவர்களின் மெய்ப்பாட்டையும் விளங்கிக்கொள்ளலாம். திரையில் நிகழ்ந்த கொலையின்மீது தோன்றிய வெகுளி, செல்லும் இடமின்றி, வகுப்பறையில் அமர்ந்திருந்த ஒருவர்மீது திரும்பியது. படம் ஓடிக்கொண்டிருந்த அறையே அப்போது ஒரு கூடலாயிற்று.

இதனை இக்கட்டுரையாளர் திரையிடலின்போது கவனிக்கவில்லை. முதற்பதிவைப் படித்தபோதும் அதன் முதன்மையை உணரவில்லை. கடை பற்றிய பகுதியின் ஓரத்தில், இது படத்தோடு தொடர்பற்றது என்று சிவப்பு மையில் குறிப்பெழுதியவர் இக்கட்டுரையாளரே. அக்குறிப்பைக் கண்ட பின்னரே மாணவர் அப்பகுதியை நீக்கினார். இரண்டாம் பதிவு பொய்யானது என்று கூறுவதானால், அப்பொய்யில் ஆசிரியருக்குப் பங்குண்டு. செந்தமிழில் எழுதுக என்னும் பணிப்பை மாணவர், செந்தமிழில் எழுதத்தக்கவற்றை மட்டும் உணர்க என்னும் பணிப்பாக ஏற்றுக்கொண்டார். நடை திருந்தியபோது உணர்வு மாறிப்போயிற்று.

எண்வகைக்கு அப்பால்

முதற்பதிவில் உள்ள மற்ற எதிர்வினைகளை எண்வகை மெய்ப்பாடுகளுள் அடக்க முயன்றால் சில அடங்கும், சில அடங்கா. குடையும் செருப்பும் கண்டு தோன்றிய சிரிப்பை நகை எனலாம். ஆனால் நகைக்குக் கூறப்படும் எள்ளல், பேதைமை முதலியவற்றுள் எதன்பாற்படும் என்பது ஐயத்துக்குரியது. புதுமை மருட்கைக்கு நிலைக்களன் ஆதலின், அது மருட்கை நகையாகத் திரிந்த நிலை என்று கொள்வது பொருந்தும். பொருள் தனக்குரிய இடத்தினின்று பெயர்த்து வைக்கப்படும்போது முதலில் வியப்பும், வியப்புக்கு விடை கிடைக்காதபோது சிரிப்பும் தோன்றுகின்றன. ஏன் சிரித்தோம் என்று தெரியவில்லை என்னும் மாணவர் கூற்று இதற்குச் சான்றாகும்.

தூக்கத்தையும் கண்வலியையும் என்செய்வது? எண்வகையுள் இவற்றுக்கு இடமில்லை. ஆயின் தொல்காப்பியம் எட்டோடு நின்றுவிடவில்லை. அவை அல்லாதவிடத்து நிகழும் வேறு முப்பத்திரண்டையும் அது தனியே தொகுத்துரைக்கிறது. அத்தொகுதியுள் துஞ்சல் உண்டு, முனிதல் உண்டு, மடிமை உண்டு, ஐயம் உண்டு, ஆராய்ச்சியும் உண்டு. உறக்கத்தையும் வெறுப்பையும் சோம்பலையும் மெய்ப்பாடு என ஏற்றுக்கொண்ட இலக்கண நூல், அவற்றோடு ஒரே வரிசையில் ஆராய்ச்சியையும் வைத்திருப்பது குறிப்பிடத்தக்கது. எண்வகையைப் போல இத்தொகுதி ஆய்வாளரால் மிகுதியாக எடுத்தாளப்படுவதில்லை. சோதனைக் குறும்படத்தின் பார்வையாளருக்கு இதுவே நெருக்கமானது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

மாணவரின் முதற்பதிவை இவ்வரிசையில் வைத்துப் பார்க்கும்போது ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. தொடக்கத்தில் துஞ்சல், பின்னர் 'எக்ஸ்புளோரர்' படத்தின் வேகத்தின்பால் முனிதல், பெயரின் பொருள் பற்றிய ஐயம், இறுதியில், எருது எழ முயன்ற இடத்தை மறுபடி காண வேண்டும் என்னும் ஆராய்ச்சி. இரண்டாம் பதிவில் முதல் மூன்றும் நீக்கப்பட்டன. அவற்றோடு நான்காவதும் நீங்கிவிட்டது. தூக்கத்தை ஒப்புக்கொள்ளாத பதிவு மறுபடி பார்க்கும் விருப்பத்தையும் கூறவில்லை. எல்லாம் விளங்கிவிட்டதாகக் கூறுபவருக்கு மறுபடி பார்க்க வேண்டிய தேவை இல்லையன்றோ?

இவ்விடத்தில் ஒரு மறுப்பை எதிர்நோக்க வேண்டும். செய்யுளுக்கும் கூத்துக்கும் வகுத்த இலக்கணத்தை அசையும் படத்துக்குப் பொருத்துவது முறையா என்று கேட்கலாம். எந்தத் திரைப்படத்தையும் முதல், கரு, உரி எனப் பகுத்து அட்டவணையிடும் கட்டுரைகளைக் கண்டு சலித்தோர் இவ்வாறு கேட்பது இயல்பே. மெய்ப்பாட்டியலையும் அவ்வாறு அட்டவணையாக்கினால் அதே குறை நேரும். 'கூடல்' படத்தில் இத்தனை அச்சம், இத்தனை அழுகை என்று எண்ணுவதால் பயனில்லை. இக்கட்டுரை மெய்ப்பாட்டைப் படத்தில் தேடவில்லை, காண்போரிடம் தேடியது. உரையாசிரியர் சுவையைக் காண்போர் அகத்தில் வைத்துப் பேசியமையே இப்பொருத்தத்துக்கு அடிப்படை.

மற்றொரு மறுப்பும் உண்டு. ஒரு மாணவரின் பதிவைக் கொண்டு பொதுமுடிவு கூறலாமா என்பது அது. கூற இயலாது. இங்குக் காட்டப்பட்டது ஒருவரது நிலை மட்டுமே. அவ்வகுப்பில் படத்தை உண்மையாகவே இழவாக உணர்ந்து அழுதவரும் இருந்திருக்கலாம். அவர் எழுதியதும் மெய்ப்பாடே. ஆயின் இரண்டாம் பதிவின் நடையில் எழுதுமாறு எல்லாரையும் பழக்கிவிட்டால், உணர்ந்து எழுதியவரையும் உணராது எழுதியவரையும் பிரித்தறிய வழியில்லாது போகும். இழப்பு முன்னவருக்கும் உரியதே.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு அமைகின்றன. உய்ப்போன் இல்லாத சோதனைக் குறும்படத்தில் காண்போர் பொருளை நேரே எதிர்கொள்வதால், அவர்தம் வாழ்வுப் பின்புலமே மெய்ப்பாட்டைத் தீர்மானிக்கிறது. ஒருவரது உணர்வு மற்றவரை அப்படியே எய்தாது என்னும் பேராசிரியர் கருத்து இவ்வகைப் படங்களுக்கு மிகப் பொருந்துகிறது. ஒரே புறக்குறி இழவாலும் இளிவாலும் தோன்றக்கூடும். அதனை வேறுபடுத்தி அறியக் காண்போரின் சொல்லைக் கேட்பதன்றி வேறு வழியில்லை. எண்வகைக்கு அப்பாற்பட்ட முப்பத்திரண்டும் இத்தகைய ஆய்வுகளில் கூடுதல் கவனம் பெறுதல் வேண்டும். 'கூடல்' என்னும் பெயரைத் தென்னிந்திய மொழிகளின் பொதுவழக்கோடு வைத்துப் பொருள்கொள்வதே படத்துக்குப் பொருத்தமாகும்.

நடைமுறையில் ஒன்று கூறலாம். திறனாய்வுப் பயிற்சியின் தொடக்கமாக மாணவரிடம் கேட்க வேண்டியது, படம் என்ன உணர்த்துகிறது என்பதன்று. பார்க்கும்போது உனக்கு என்ன நேர்ந்தது என்பதே. அவ்விடையை முதலில் எவ்வகைத் தமிழிலும் எழுத இடமளித்து, நடை திருத்தத்தைப் பின்னர் மேற்கொள்ளுதல் நன்று. திருத்தும்போது செய்தி குறையாமல் இருக்கிறதா என்று இரு பதிவுகளையும் ஒப்பிட்டு நோக்குவது ஆசிரியரின் கடமை.

மெய்ப்பாட்டியல், கண்ணாலும் செவியாலும் உறுதியாக உணரவல்லவருக்கு அன்றி மெய்ப்பாட்டின் நுண்பொருள் எட்டுவது அரிது என்னும் கருத்தோடு நிறைவடைகிறது. காட்சியும் ஒலியுமாக மட்டுமே அமைந்த ஒரு கலைக்கு இக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பது வெளிப்படை. மாணவர் கேட்டுக்கொண்டவாறு, எருது எழ முயலும் பகுதி அவருக்கு மட்டும் மீண்டும் திரையிடப்பட்டது. பார்த்து முடித்த பின் அவர் நெடுநேரம் ஒன்றும் கூறவில்லை. பின்னர், அது கடையில் காண்பது போன்றதன்று, கடையில் யாரும் இவ்வளவு நேரம் பார்ப்பதில்லை என்று கூறினார். அவருடைய மூன்றாம் பதிவு அக்கூற்றிலிருந்து தொடங்குகிறது.